அட்டை இல்லாத புத்தகம்

என் கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. அவ்வப்போது தட்டிக் கூப்பிட்டு, ‘உங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு அட்டைப்படம் இல்லை, இப்போது சேர்க்கிறீர்களா?’ என்று கேட்கும். கீழே இரண்டு கட்டம் வரும். ‘சேர்’ ஒன்று, ‘பிறகு’ ஒன்று. நான் ‘பிறகு’ என்பதை அமுக்கிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். பஸ் திருவொற்றியூர் தேரடியைத் தாண்டும்போது கேட்கும். கன்டெய்னர் யார்டில் லாரிக்காரரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்துக் கேட்கும். அதற்கு என்ன தெரியும், பாவம். அந்த நூலகத்தில் இருப்பவை எல்லாம் ஜப்பானியப் புத்தகங்கள். எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. புத்தகங்கள் என் மாமனாருடையவை. அவருக்கும் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் அவருக்கு ‘ஜப்பான்காரர்’ என்று பேர். ஜப்பான்காரர்களின் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். காப்டனிலிருந்து இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவர்வரை எல்லோரும் ஜப்பானியர்களாக இருந்த காலத்தில், அடுப்படிக்கு மட்டும் நம் ஊர் ஆள். சோறு வடிக்கப் போய், பேச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜப்பானிய மொழியில் வாய் ஓயாமல் பேசுவார், திட்டுவார், பாடவும் செய்வார். கப்பலில் இருந்து இறங்குகிறவர்கள் படித்து முடித்த புத்தகங்களைப் போட்டுவிட்டுப் போவார்களாம். மாமா அவற்றையெல்லாம் பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். இதைச் சொல்ல ஆரம்பித்தால் அத்தைக்கு இன்றைக்கும் ஆறாது. “ஊர்ல அவனவன் டேப்ரிக்கார்டர் எடுத்தாந்தான், சேல எடுத்தாந்தான். இவுரு பழைய பேப்பர் எடுத்தாந்தாரு,” என்பார்.

உள்ளங்கை அகலத்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள். நாம் பின்பக்கம் என்று நினைப்பதுதான் அவற்றுக்கு முன்பக்கம். கூடத்தில் மூன்று இரும்பு பீரோ நிறைய இருந்தன. துணி வைக்க இடமில்லாமல் அத்தை கட்டிலுக்கு அடியில் பெட்டி வைத்திருந்தார். சாயங்கால டீ ஆனதும் மாமா ஒரு பீரோவைத் திறந்து, பார்க்காமலே கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுப்பார். மடியில் வைத்துக்கொண்டு அதன் கதையைச் சொல்வார். ஒரே நூடுல்ஸ் கடையை நடத்திக்கொண்டு, இருபது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல், வாடிக்கையாளர் மூலமாகவே சேதி சொல்லிக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. பல் பதிந்த ஆப்பிளை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கும் பல் டாக்டர் கதை. அடேயப்பா, அவர் சொல்கிறபோது கேட்க வேண்டும். பல் டாக்டர் பேசும்போது குரல் மூக்கில் வரும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது செருப்புக் கதை. முதல் தடவை அதைக் கேட்டபோது என் கணவர் துபாயில் ஒப்பந்த வேலையில் இருந்தார். கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். மாமா மேலே வந்தார், தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சாய்ந்துகொண்டு, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

பனி கொட்டுகிற ஒரு கடலோர ஊர். புதுசாகக் குடிவந்த ஒரு புருஷனும் மனைவியும். அவன் தூரக்கடலுக்குக் கப்பலேறிப் போகிறான். புதுசாக வாங்கிய மரச் செருப்பை வீட்டிலேயே விட்டுப் போகிறான். ஆண் துணையில்லாத வீடு என்று தெரிந்தால் எவனாவது வாலாட்டுவானே என்று அவளுக்குப் பயம். அதனால் பகலில் அந்தச் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போவாள், பனியில் ஆண்பிள்ளைக் கால்தடம் விழட்டும் என்று. இருட்டுவதற்கு முன்னால் அதை வாசலில், முனை உள்பக்கம் பார்க்க விடுவாள், வேலை முடிந்து ஆள் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி. வருடங்கள் ஓடுகின்றன. ஒருநாள் அவன் நிஜமாகவே திரும்பி வருகிறான். தெருவில் ஒருத்தராவது ‘எப்ப வந்தே?’ என்று கேட்கவேண்டுமே. கேட்கவில்லை. போகிற போக்கில் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். நம்மை மறந்தே போனார்களா என்று நினைத்துக்கொண்டே நடக்கிறான். வீட்டுக்கு வந்து வாசலில் குனிந்தால் அவன் செருப்பு. புதுசாக விட்டுப் போனது குதிகால் பக்கம் தேய்ந்து போயிருக்கிறது. ‘நான் போடாத செருப்பு எப்படித் தேய்ந்தது?’ என்கிறான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொல்கிறாள்: ‘நீ எங்கே போனாய், இங்கேதானே இருந்தாய்.’

கதையைச் சொல்லிவிட்டு மாமா கீழே போய்விட்டார். நான் அழுது முடிக்கிறவரை யாரும் மேலே வரவில்லை. அந்த வீட்டில் எனக்கு ஒட்டுதல் வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. முழங்காலுக்கு மேல் ஏறியதும், எதிர்வீட்டுப் படகுக்காரர்கள் ஐஸ் பெட்டிகளையும் மீன் கூடைகளையும் கொண்டு வந்து, புத்தகங்களை வாரிப் போட்டு மாடிக்கு ஏற்றினார்கள். வெயில் வந்ததும் மாடியெங்கும் பரப்பிக் காயவைத்தோம். பார்த்தால் நெத்திலி காயப்போட்ட மாதிரியே இருந்தது, வாசனையும் அப்படித்தான். அடிபட்டதைத் தள்ளி, மிச்சத்தை நானும் என் கணவரும் திரும்ப அடுக்கினோம். தலைகீழா, நேரா என்றுகூடத் தெரியாமல்தான் அடுக்கினோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உழைத்த களைப்பில் நாங்களும் கேட்கவில்லை.

செயலி வந்தது வீட்டுக்கு வெள்ளையடிக்க நினைத்தபோது. பீரோக்களை மாடி அறைக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். எண்ணூர் ரோட்டில் ஒரு யார்டில் எனக்குச் சரக்குக் கணக்கு வேலை. நாள் பூராவும் பார்கோடு அடிக்கிறவள். புத்தகத்தைக் காட்டினால் அட்டையோடு எல்லா விவரமும் வந்துவிழும் செயலியைப் போனில் இறக்கினேன். சும்மா விழுமா? ஜப்பானியப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள். மேலே இருப்பது புத்தகத்தின் எண், கீழே இருப்பது வகையும் விலையும். செயலி கீழ்க்கோட்டைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படி ஒரு புத்தகமே இல்லை’ என்று சாதிக்கும். மாமாதான் வழி கண்டுபிடித்தார். கீழ்க்கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினார். டிங் என்றது. அதிலிருந்து அது அவருடைய வேலை ஆகிவிட்டது. ஒவ்வொரு பதிவோடும் பின்னட்டையையும் படம் பிடித்துச் சேர்த்தேன்; அவற்றில் பாதியில் அவருடைய கட்டைவிரல் இருக்கிறது, எண்ணெய் தெறித்த பழைய தழும்போடு.

பெயர்கள் ஜப்பானிய எழுத்தில் வந்தன. அவற்றைத் தமிழாக்க இன்னொரு செயலி. எழுத்தின்மேல் கேமராவைப் பிடித்தால் எழுத்துகள் கொஞ்ச நேரம் துள்ளிவிட்டுத் தமிழாக மாறி நிற்கும். ‘மாமியாரின் ஞாயிற்றுக்கிழமை இயந்திரம்’ என்று ஒன்று வந்தது. அத்தை அடுப்படியிலிருந்து, “அது என்னப் பத்தி தான் எய்திக்கீறான்,” என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்த வாயோடு நான் அடுத்ததை எடுத்தேன். மாமா அதைப் பார்த்து, “பல் டாக்டரு,” என்றார். நான் கேமராவைப் பிடித்தேன். ‘வீட்டுத் தோட்டத்தில் பூசணி வளர்ப்பு’ என்று வந்தது. உள்ளே புரட்டினால் பூசணிக்காய் படம். “மாமா, இது பூசணிக்கா புக்கு,” என்றேன், விளையாட்டாகத்தான். அவர் கட்டைவிரலை எடுத்துக்கொண்டார். தலை வலிக்கிறது என்று எழுந்து போனவர் மூன்று நாள் பீரோ பக்கமே வரவில்லை. டீக்குப் பிறகு கதையும் இல்லை. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு ஏன்டா இதை ஆரம்பித்தோம் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து நடந்து வரும்போது அவரே சொன்னார். “எனுக்குப் பேசத்தாம்மா தெரியும். எய்த்துல கொயந்தப் பசங்க எய்த்து கொஞ்சம் தெரியும், அவ்ளோதான்.” சாப்பிட வருகிறவர்களின் கையில் புத்தகம் இருக்கும், இன்னா கதை அது என்று கேட்பாராம். ஒரு கிண்ணம் சூப் அதிகமாக ஊற்றினால் முழுக்கதையும் சொல்லிவிடுவார்களாம். படித்து முடித்ததும் புத்தகத்தை அவருக்கே கொடுத்துவிடுவார்கள். பல் டாக்டர் கதை செகண்ட் ஆபீசர் சொன்னது, நூடுல்ஸ் கடை எண்ணெய் போடுகிறவர் சொன்னது. எந்தப் புத்தகத்தில் எந்தக் கதை என்று எப்படித் தெரியும் என்றேன். “கப்பல் அடுப்படில லேபிள் பாத்துகினா எடுப்பாங்க? கப்பல் ஆடுறப்ப கைய நீட்னா உப்பு உப்பு இருக்குற எடத்துல இருக்கணும். அதே மாரிதான் பீரோலயும் வெச்சிருந்தேன். கைய வுட்டா செகண்ட் ஆபீசர் வருவாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியிருந்தோம். அன்றிலிருந்து அவர் கைக்கு வந்த புத்தகத்துக்கு வாய்க்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. “அவுங்க நம்பிக் குட்த்துட்டுப் போன கதைம்மா. ஆரு கத ஆரு புக்குல கீதுன்னு தெரியாமப் போனா நான் இன்னா பதில் சொல்றது?” என்றார். சர்க்கரை வேறு அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கண் ஏறக்குறையப் போய்விட்டது, இன்னொன்றுக்கும் டாக்டர் உறுதி சொல்லவில்லை. பார்வை இருக்கும்போதே கதைகளை அந்தந்தப் புத்தகத்தில் திரும்பச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வெள்ளையடிப்பைத் தள்ளிவைத்தோம்.

அதன் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. முதலில் நான் புத்தகத்தைப் பதிவேன். செயலியில் வரும் சுருக்கத்தைத் தமிழாக்கி வாசிப்பேன். தமிழாக்கம் என்றால் உருப்படியாக இருக்காது. யார் யாரைக் கடித்தார்கள் என்றே புரியாது. மாமா கண்ணை மூடிக் கேட்பார். அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு தூரத்தில் பிடித்து, மோந்துகூடப் பார்ப்பார். சில சமயம் கையைத் தட்டிக்கொண்டு, “இவுருதாம்மா,” என்பார். பல் டாக்டர் கிடைத்த அன்று வீட்டில் கேசரி கிளறினார். நூடுல்ஸ் கடை, கடைசி பீரோவின் அடித்தட்டில், கோல்ஃப் ஆடுவது எப்படி என்ற புத்தகத்துக்குப் பின்னால் கிடந்தது. கதை சேர்ந்ததும் செயலியில் ‘குறிப்பு’ என்ற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன், சொன்னவர் யார், எந்தக் கப்பல், அன்றைக்கு என்ன சாப்பாடு என்பது உட்பட. பிறகு ‘படித்தது, படிக்காதது, படித்துக்கொண்டிருப்பது’ என்று மூன்று கேள்வி கேட்கும். கதை கிடைத்தவற்றுக்கு அவர், “படிச்சாச்சின்னு போடு,” என்பார் பெருமையாக. குதிரைப் பந்தயப் புத்தகங்களுக்கும் பூசணிக்கும், “படிக்கல, படிக்கவும் மாட்டேன்.”

சில கதைகளுக்குப் புத்தகம் இல்லை. வெள்ளத்தோடு போனவை. அதற்கெல்லாம் அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். செருப்புக் கதைக்கு மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் உட்காரும்போது, “இன்னிக்கு வந்துரும்,” என்பார். பனி, கடல், மரச் செருப்பு, ஏதாவது ஒன்று வந்தால்கூட நிமிர்ந்து உட்காருவார். அட்டை எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியவில்லை. சொன்னவர் யார் என்றாலும் தெரியவில்லை. மற்ற எல்லாக் கதைக்கும் சொன்னவரின் மூக்கு முதற்கொண்டு ஞாபகம் வைத்திருந்த மனிதர் இதற்கு மட்டும் நெற்றியைத் தேய்த்தார். “நல்ல கத சொன்ன ஆள மறந்துட்டேனே,” என்று புலம்பினார். சாப்பாடு இறங்கவில்லை. நான் இணையத்திலும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

கடைசிப் புத்தகத்தைப் பதிந்தது ஒரு சனிக்கிழமை மதியம். அது பணம் சேமிப்பது எப்படி என்று என்னவோ ஒரு புத்தகம். மாமா பீரோவின் வெறும் தட்டைத் தடவிப் பார்த்தார். “பூட்ச்சிம்மா. வெள்ளத்துல பூட்ச்சி,” என்றார்.

அத்தை அடுப்படி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார். “இன்னாத்த தேடுற?”

“செருப்புக் கத.”

“அது எந்த புக்குல கீது?”

“அதான தெரில.”

“எந்த புக்குலயும் இல்ல,” என்றார் அத்தை. “அது நானு.”

மாமா அவர் பக்கம் திரும்பினார். அத்தை மீன் தலையைக் கிள்ளிக்கொண்டே, ரேஷன் கடைச் சமாச்சாரம் சொல்கிற மாதிரி சொன்னார். கல்யாணமான புதுசில் காசிமேட்டுப் பக்கம் குடிபோனார்களாம், அக்கம்பக்கம் யாரையும் தெரியாதாம். மாமா கப்பலேறிவிட்டார். “அடிபம்புக்கு உன் செருப்பத்தான் போட்டுகினு போவேன். சாய்ங்காலம் ஆனா வாசல்ல உள்ள பாத்து வுடுவேன். நீல வார் வெச்ச ரப்பர் செருப்பு. மர செருப்பாம், பனியாம். நீ வந்தப்ப ஏன் தேஞ்சிக்கீதுன்னு கேட்ட, சொன்னேன்.”

மாமா பீரோவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல ஆரம்பித்தார். வடக்கே எங்கோ குளிர்ந்த கடலில், ஒரு புத்தாண்டுச் சாப்பாட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கதை சொன்னார்களாம். முடிந்ததும் காப்டன், சமையல்காரரே, உங்கள் புத்தகத்தில் என்ன கதை என்று கேட்டிருக்கிறார். “எனுக்கு புக்கு ஏது? உன்னத்தான் சொன்னேன். அவுங்களுக்குப் புரியணுமேன்னு பனி, மர செருப்புன்னு போட்டேன்.” சொல்லிச் சொல்லி அது ஜப்பான் கதையாகவே ஆகிவிட்டிருக்கிறது. கதை வாங்கிய ஞாபகம் மட்டும் மிஞ்சி, கொடுத்த ஞாபகம் போய்விட்டிருக்கிறது. எனக்கு மாடியில் அந்தக் கதையைச் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் கையில் புத்தகம் இல்லை.

“இத்தினி வருசமா ஊருக்கெல்லாம் சொன்னனே, ஒரு தபா சொல்லிருக்கக் கூடாதா?” என்றார் மாமா.

“நல்லாத்தான சொல்லிக்கினு இருந்த,” என்றார் அத்தை. “எதுக்குக் கெடுப்பானேன்.”

மாமா என்னைப் பார்த்தார். “ஏத்துமா அத,” என்றார். பார்கோடு இல்லாத புத்தகத்தைக் கையால் பதிய ஓர் இடம் உண்டு. தலைப்பு ‘செருப்பு’ என்று போட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் உங்க அத்தை பேரைப் போடு என்றார் மாமா. கதை கட்டினது அவுருதான், அவுரு பேரைப் போடு என்றார் அத்தை. இரண்டு பேரையும் போட்டேன். படித்ததா, படிக்காததா என்று கேட்டது. மாமா அத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “படிச்சிக்கினு கீறேன்னு போடு.” அட்டைக்கு அத்தையைப் படம் பிடிக்கலாம் என்று போனைத் தூக்கினேன். மீன் கையோடு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, “போய் வேலயப் பாரு,” என்று விரட்டிவிட்டார். மாமா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். அட்டை வெறுமையாகவே நின்றது.

அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தவக்காலம் தொடங்குவதற்கு முன், தூக்கத்திலேயே போனார். கடைசி மாதங்களில் கண் சுத்தமாகத் தெரியவில்லை. ஆனாலும் டீக்குப் பிறகு பீரோவைத் திறந்து கையை விடுவார். கதைகளின்படி நாங்கள் மறுபடி அடுக்கி வைத்திருந்தோம். செகண்ட் ஆபீசர் சரியாகக் கைக்கு வந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவர் சட்டைகளையும் கைலிகளையும் அத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டார். புத்தகங்கள் மாடி அறையில் இருக்கின்றன. நான் அவரை நினைக்கிறபோதெல்லாம் செயலியைத் திறந்து, ஏதாவது ஒரு பதிவில் அந்தக் கட்டைவிரலைப் பார்ப்பேன். மனசு கொஞ்சம் சமாதானமாகும்.

போன வாரம் யார்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். இன்னும் இருட்டவில்லை. செருப்பைக் கழற்றக் குனிந்தபோது பார்த்தேன். வாசலில் மாமாவின் கறுப்பு ரப்பர் செருப்பு இருந்தது, முனை உள்பக்கம் பார்க்க. தினமும் நான் இருட்டிய பிறகு, அரக்கப் பரக்க அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். கண்ணில் பட்டதே இல்லை. இப்போது வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை, யாருக்கும் பயப்படுகிற வயதும் அத்தைக்கு இல்லை. கடைசி மாதங்களில் வாங்கி, அவர் அதிகம் போடாத செருப்பு; குனிந்து பார்த்தால் குதிகால் பக்கம் தேய்ந்து போயிருந்தது. பார்த்திருக்க வேண்டாம். அழுகை வந்துவிட்டது.

போனை எடுத்தேன். உள்ளே இருந்து அத்தை வந்தார். “இன்னா புடிக்கிற?”

“அட்டை, அத்தை. அந்தப் புக்குக்கு அட்டை கேட்டுகினே இருக்குது.”

அவர் என்னையும் செருப்பையும் பார்த்தார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை, விரட்டவும் இல்லை. “இரு, ஒண்ணு கோணிக்கினு கீது,” என்று கால் விரலால் தள்ளி நேராக்கிவிட்டார். நான் படம் பிடித்து, ‘சேர்’ என்பதை அமுக்கினேன். வெறுமையாக இருந்த இடத்தில் செருப்பு வந்து உட்கார்ந்தது. அதன் கீழே என்னவோ எழுதியிருக்கிறதே, என்ன அது என்று அத்தை கேட்டார்.

“படிச்சிக்கினு கீறாருன்னு போட்டிருக்கு,” என்றேன்.

“சரி, இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார்.